பகல்நேர நிலையங்களை மறுசீரமைக்கும் கவுன்சில் திட்டம்: நாம் எதைக் கேட்க வேண்டும்?

தம்பியைப் பற்றி அக்கா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் நாங்கள் வாழும் பகுதியின் கவுன்சில், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்காக நடத்திவரும் மூன்று பகல்நேர நிலையங்களில் இரண்டை மூடுவதற்கு ஒரு வரைவை வெளியிட்டிருக்கிறது. மிகுந்த உதவி தேவைப்படுவோருக்காக ஒரு நிலையம் மட்டும் இயங்கும். மற்றவர்களுக்குச் சமூகத்துக்குள்ளேயே பகல்நேர வாய்ப்புகள் ஏற்படுத்தித் தரப்படும் என்கிறது அந்த வரைவு. மக்கள் கருத்தைக் கேட்கும் கலந்தாய்வுக்குப் பன்னிரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் பல ஊர்களில் இதே போன்ற திட்டங்கள் முன்னரே நடந்து முடிந்திருப்பதால், அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தம்பிக்கு வயது நாற்பத்தொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். சிறப்புப் பள்ளியை விட்ட நாளிலிருந்து இதே நிலையத்துக்குத்தான் போய்வருகிறான். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். சமையலறை, தோட்டம், நீச்சல், கணினி, இசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்; ஒவ்வொருவருடைய புகைப்படமும் பின்புறம் ஒட்டுத்துணி வைத்துத் தனித்தனி அட்டையாகத் தொங்கும். காலையில் அவரவர் தம் அட்டையை எடுத்து, அன்று செய்ய விரும்பும் வேலையின் கீழே ஒட்ட வேண்டும். தெரிவு என்ற சொல்லை வரைவில் பார்த்தபோது எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. வரைவில் சொல்லப்படுவதெல்லாம் புதிய கருத்துகள் போலத் தோன்றினாலும், அவற்றில் சில ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவைதாம்.

மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டடம் பழையது, கூரை ஒழுகுகிறது, பிற்பகலில் தொலைக்காட்சிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்போரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் முப்பது பக்க வரைவை முழுவதும் படித்த பின்னரும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் தம்பி எங்கே இருப்பான், யாரோடு இருப்பான்? அதை அவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயமா, சட்டப்படி முடியுமா, வேறு என்ன கேட்க வேண்டும் என்பதை அறிய விரும்புகிறேன். திட்டத்தை ஆதரிப்பவர்களும் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பணியாளர் எழுதியது:

அக்காவுக்கு வணக்கம். மிட்லண்ட்ஸ் பகுதியில் இத்தகைய நிலையங்களில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இப்போது மூடப்படுபவை எப்படி உண்டாயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த வாதத்தில் இறங்கினால், ‘பழையதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று நம்மை எளிதாக ஒதுக்கிவிடுவார்கள்.

1959ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்துக்குப் பிறகுதான் கவுன்சில்கள் வயதுவந்தோர் பயிற்சி நிலையங்களைப் பெருமளவில் கட்டத் தொடங்கின. அதற்கு முன்னர் பெரும்பாலானோருக்கு இருந்த வழிகள் இரண்டு: வீட்டுக்குள் இருப்பது, அல்லது ஊருக்கு வெளியே உள்ள பெரிய மருத்துவமனையில் வாழ்நாளைக் கழிப்பது. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில் நடந்த கொடுமைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 1969இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 1971இல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை (அரசின் கொள்கை அறிக்கை), மருத்துவமனைப் படுக்கைகளைப் பெருமளவு குறைத்து, பயிற்சி நிலையங்களில் இடங்களைப் பெருக்க வேண்டும் என்றது. ஆகவே இன்று பழைமையின் சின்னமாகக் காட்டப்படும் இந்தக் கட்டடங்கள் ஒரு காலத்தில் பெரும் சீர்திருத்தமாக வந்தவை.

நான் சேர்ந்த காலத்தில் அவை ஒரு தொழிற்கூடம் போலவே இருந்தன. சிறு திருகாணிகளை எண்ணிப் பைகளில் போடுவது, வாழ்த்து அட்டைகளை உறையிலிடுவது என்று தொழிற்சாலைகளிலிருந்து ஒப்பந்த வேலை வரும். வாரம் முழுவதும் செய்தாலும் கையில் கிடைப்பது சில பவுண்டுகள்தான். பின்னர் ஒப்பந்தங்கள் குறைந்தன. பெயர்ப்பலகைகள் சமூகக் கல்வி நிலையம் என்று மாறின. சமையல், பணத்தைக் கையாளுதல், பேருந்தில் போய்வருதல் ஆகியவை வந்தன. 2001இல் வெளியான அரசின் வெள்ளை அறிக்கை உரிமை, சுதந்திரம், தெரிவு, சமூகத்தில் சேர்ந்து வாழ்தல் ஆகிய நான்கையும் அடிப்படையாக வைத்து, பெரிய கட்டடங்களில் கூட்டமாக வைத்திருக்கும் முறையை 2006க்குள் மாற்றியமைக்கக் கவுன்சில்களிடம் கேட்டது. அக்காவின் கையில் உள்ள வரைவு அந்த அறிக்கையின் சொற்களைத்தான் இன்றும் பயன்படுத்துகிறது.

அந்த மாற்றத்தில் நானும் பங்கெடுத்தேன், மனமுவந்தே பங்கெடுத்தேன். எங்கள் பெரிய நிலையத்திலிருந்து ஒரு குழு ஊரின் காய்கறித் தோட்ட நிலங்களில் இரண்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்தத் தொடங்கியது. ஆறு பேர், இரண்டு பணியாளர்கள், ஒரு கொட்டகை, ஒரு கழிப்பறை. பக்கத்து நிலத்துக்காரர்கள் முதலில் விலகி நின்றார்கள். இரண்டாம் கோடையில் விதை உருளைக்கிழங்கை எங்களிடம் கடன் கேட்டார்கள். அது உண்மையான சீர்திருத்தம். அதே காலத்தில் இன்னொரு குழுவைச் சமூகத்துக்குள் அனுப்புகிறோம் என்று சொல்லிப் பணியாளர்களைக் குறைத்தார்கள். அந்தக் குழு மழைநாள்களில் கடைத்தொகுதியின் இருக்கைகளில் ஒரு தேநீரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நான் கண்டேன். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே பெயர்தான் எழுதப்பட்டது.

என் கருத்து இதுதான். தோட்டத்தை முதலில் நடத்திக் காட்டிய பிறகே எங்கள் கட்டடத்தின் அந்த அறையைப் பூட்டினோம். வரிசை மாறக் கூடாது. மாற்றாக வருவது ஆறு மாதமாவது நடந்து, போகிறவர்கள் அதற்குப் பழகிய பின்னரே பழையதை மூட வேண்டும்.

வடக்கு லண்டன் தந்தை எழுதியது:

நான் திட்டத்தை ஆதரிப்பவன், அதனால் எழுதுகிறேன். என் மகன் பத்தொன்பது வயதில் பள்ளியை முடித்தபோது எங்களுக்கும் ஒரு பகல்நேர நிலையத்தைக் காட்டினார்கள். அங்கிருந்தவர்கள் அன்பானவர்கள். ஆனால் அவன் வயதில் அங்கே ஒருவரும் இல்லை. வாசலில் நின்றுகொண்டே அவன் வர மறுத்துவிட்டான். அவனுக்கு வேண்டியது வேலை.

அவன் ஒரு மருத்துவமனையில் ஆதரவுடன் கூடிய பயிற்சி வேலையில் சேர்ந்தான். 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. ஒரு கல்வியாண்டு முழுவதும் வேலையிடத்திலேயே கழியும், பல பிரிவுகளில் மாறி மாறிப் பழகுவார்கள், கூடவே ஒரு வேலைப் பயிற்சியாளர் இருப்பார். ‘கல்வி, நலவாழ்வு, பராமரிப்புத் திட்டம்’ என்று கவுன்சில் எழுதித் தரும் திட்டம் உள்ள இளையோருக்கு இங்கிலாந்தில் இந்த வழி இருபத்தைந்து வயது நெருங்கும் வரை திறந்திருக்கிறது. இன்று அவன் அதே மருத்துவமனையின் துணிச்சலவைப் பிரிவில் வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் சம்பளத்துக்கு வேலை செய்கிறான். போர்வைகளை அளவு பார்த்து அடுக்குவதில் அவனுக்கு நிகர் அங்கே யாரும் இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்லும்போது, அவன் நிமிர்ந்து நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் கவுன்சில்களின் பதிவில் நெடுங்கால உதவி பெறும், வேலை செய்யும் வயதுடைய அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஊதிய வேலையில் இருப்பவர் ஏறத்தாழ இருபதில் ஒருவர் மட்டுமே. பல ஆண்டுகளாக இந்த விகிதம் அசையவில்லை. கவுன்சிலின் பணமெல்லாம் கட்டடத்துக்கும் வேனுக்கும் போய்க்கொண்டிருக்கும் வரை வேலைப் பயிற்சியாளர்களுக்கு எங்கிருந்து பணம் வரும்? நிலையத்துக்குப் போவோரில் வேலைக்குப் போகக் கூடியவர்கள் உண்டு. அவர்களைக் கேட்டுப் பார்த்ததே இல்லை என்பதுதான் என் வருத்தம். நேரடிக் கொடுப்பனவாகப் பணத்தை நம் கையில் தந்தால் நமக்கு ஏற்ற உதவியாளரை நாமே அமர்த்திக்கொள்ளலாம். நல்ல உதவியாளர் கிடைப்பது அரிது, சம்பளச் சீட்டும் காப்புறுதியும் பார்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சுமையை நான் விரும்பியே ஏற்றேன்.

மகளோடு வாழ்பவர் எழுதியது:

உங்கள் மகனின் வேலை பற்றிப் படித்து மனம் நிறைந்தது, ஐயா. அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் என் மகள் போன்றவர்களுக்கு அந்த வழி இல்லை என்பதால் வேறொரு பக்கத்தையும் எழுத வேண்டியிருக்கிறது.

என் மகளுக்கு வயது முப்பத்து மூன்று. பேச்சு இல்லை, சக்கர நாற்காலியில் இருப்பவள், வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் உணவு. வரைவுகளில் வரும் சமூகம் என்பதற்குள் நூலகம், காப்பிக் கடை, நீச்சல் குளம், பூங்கா எல்லாம் அடங்கும். அவற்றுக்கு அவளை அழைத்துப் போக நான் ஆசைப்படாத நாள் இல்லை. தடையாக நிற்பது ஒன்றுதான், கழிப்பறை. மாற்றுத்திறனாளிகளுக்கான சாதாரணக் கழிப்பறையில் வளர்ந்த ஒருவரைப் படுக்கவைத்து உடை மாற்ற இடம் கிடையாது. ஆளைத் தூக்கி மாற்றும் ஹொய்ஸ்ட்டும், பெரியவர்கள் படுக்கக் கூடிய, உயரம் மாற்றத்தக்க பலகையும், குறைந்தது 12 சதுர மீட்டர் இடமும் உள்ள அறைதான் எங்களுக்கு உதவும். சேஞ்சிங் பிளேசஸ் என்ற பெயரில் இதற்கான இயக்கம் 2006இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 2021 ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டப்படும் பெரிய பொதுக் கட்டடங்களில் இத்தகைய அறை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பழைய கட்டடங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இப்படி ஓர் அறை இருப்பது பகல்நேர நிலையத்தில் மட்டுமே. இல்லாவிட்டால் ஈரத்தோடு அவளை நாற்காலியில் வைத்திருக்க வேண்டும், அல்லது இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்ப வேண்டும். ஆகவே அக்கா, உங்கள் கவுன்சில் சொல்லும் ஒவ்வோர் இடத்துக்கும் நேரே அங்கே என்ன கழிப்பறை இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. இது தாய்மார் வாய்விட்டுச் சொல்லக் கூசும் விஷயம். இரவில் அவளைப் பலமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அவள் நிலையத்தில் இருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில்தான் நான் தூங்குகிறேன், மருத்துவரிடம் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன். எனக்கும் எழுபது நெருங்குகிறது. நம்மவர்களில் பலர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது கடமை, அதற்கு மதிப்பீடு எதற்கு என்று, நமக்கு என்ன உதவி தேவை என்று கவுன்சில் பார்க்கும் பராமரிப்பாளர் மதிப்பீட்டைக் கேட்பதே இல்லை. கேளுங்கள். நாம் தாங்கிக்கொண்டிருப்பது எங்கும் பதிவாகாவிட்டால், நிலையம் மூடப்படும்போது அந்த ஆறு மணி நேரத்துக்கு ஈடு தர வேண்டும் என்பது யாருக்கும் தோன்றாது.

சட்ட உதவித் தொண்டர் எழுதியது:

அக்கா முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நான் சொல்வது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டங்கள் வேறு.

கவுன்சில் ஒரு கட்டடத்தை நடத்தியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகவே கட்டடத்தை மூடாதே என்பதை மட்டும் வாதமாக வைத்தால் தோற்றுவிடுவோம். ஆனால் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, தகுதியுள்ள தேவை ஒருவருக்கு இருப்பதாக மதிப்பீட்டில் தெரிந்தால், அதைப் பூர்த்தி செய்வது 18ஆம் பிரிவின் கீழ் கவுன்சிலின் கடமை. எந்த வழியில் பூர்த்தி செய்வது என்று முடிவெடுக்கும்போது செலவைக் கணக்கில் எடுக்கலாம். பணம் இல்லை என்று தேவையையே கைவிட முடியாது. எனவே உங்கள் தம்பியின் பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ‘வாரத்தில் ஐந்து நாள் இன்ன நிலையம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த ஐந்து நாளும் அவருடைய எந்தத் தேவைகளை நிறைவேற்றுகின்றன என்பதை விரிவாக எழுதச் சொல்லி இப்போதே மீளாய்வு கேளுங்கள். 27ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நண்பர்களோடு உறவைப் பேணுவதும், வேலை, பயிற்சி, தன்னார்வப் பணி ஆகியவற்றில் ஈடுபடுவதும், ஊரில் உள்ள வசதிகளைப் பயன்படுத்துவதும் தகுதியை நிர்ணயிக்கும் விதிகளிலேயே தேவைகளாகப் பட்டியலிடப்பட்டவை. திட்டத்தில் இவை எழுத்தில் இருந்தால்தான், நிலையம் போன பிறகு அதே அளவு உதவியை வேறு உருவில் தரும்படி கேட்க முடியும். மேலே அம்மா சொன்ன பராமரிப்பாளர் மதிப்பீட்டுக்கான உரிமை 10ஆம் பிரிவில் இருக்கிறது. தனக்காகப் பேசுவதில் கணிசமான சிரமம் உள்ள ஒருவருக்கு உதவப் பொருத்தமான உறவினரோ நண்பரோ இல்லாவிட்டால், சுயாதீனமான பிரதிநிதி ஒருவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 67ஆம் பிரிவு. நிலையத்துக்கு வருவோரில் குடும்பம் இல்லாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு யார் பேசுகிறார்கள் என்பதையும் கலந்தாய்வில் கேளுங்கள். அவர்களுக்காகக் கேட்க வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கலந்தாய்வைப் பற்றி. 1985இல் பிரெண்ட் கவுன்சிலுக்கு எதிரான ஒரு பள்ளி வழக்கில் முன்வைக்கப்பட்ட நான்கு நெறிகள் இன்றும் நிற்கின்றன. திட்டம் உருவாகும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும். மக்கள் சிந்தித்துப் பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த பதில்களை மனச்சான்றோடு பரிசீலிக்க வேண்டும். ஹரிங்கே கவுன்சிலுக்கு எதிரான 2014ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்றது மட்டுமல்ல, கவுன்சில் கைவிட்ட மாற்று வழிகளைக் குறிப்பிடாமல் மக்களிடம் கருத்துக் கேட்டது முறையல்ல என்றும் தீர்ப்பளித்தது. அது உள்ளூர் வரிச்சலுகை பற்றிய வழக்கு. ஆனால் நெறி எல்லாவற்றுக்கும் பொது.

நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது ஷ்ரொப்ஷயர் கவுன்சிலுக்கு எதிரான வழக்கு, அதுவும் 2014இல் முடிந்தது. பகல்நேரச் சேவைகளை ஒட்டுமொத்தமாக மாற்றியமைப்பது பற்றி அந்தக் கவுன்சில் மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. ஆனால் ஷ்ரூஸ்பரியில் இருந்த ஒரு குறிப்பிட்ட நிலையத்தை மூடுவது பற்றி, அங்கே போய்வந்தவர்களிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் தனியாகக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதற்குள் நிலையம் மூடப்பட்டிருந்ததால் முடிவை ரத்துச் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும், கதவு பூட்டப்பட்டு, பணியாளர்கள் கலைந்த பிறகு வரும் தீர்ப்பால் நிலையம் திரும்பி வராது. வழக்குப் போட நேர்ந்தால், முடிவு எடுக்கப்பட்டவுடன் தாமதமின்றியும், எப்படியும் மூன்று மாதத்துக்குள்ளும் போட வேண்டும். கலந்தாய்வு நடக்கும்போதே ஒரு வழக்கறிஞரிடம் பேசிவைப்பது நல்லது. தம்பியின் பெயரில் சட்ட உதவி கிடைக்க வாய்ப்பு உண்டு. அவருடைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள், உங்களுடையதை அல்ல.

கணக்குப் பிரிவில் இருந்தவர் எழுதியது:

நான் ஒரு கவுன்சிலின் நிதிப் பிரிவில் இருந்தவன். இத்தகைய வரைவுகள் எப்படிப் பிறக்கின்றன என்பதைச் சொன்னால், எங்கே கை வைத்துக் கேட்பது என்று தெரியும்.

2010க்குப் பிறகு மத்திய அரசின் மானியம் கடுமையாகக் குறைந்தது. குரொய்டன் 2020இலும், பேர்மிங்ஹாமும் நொட்டிங்ஹாமும் 2023இலும், வரவு செலவைச் சமன்படுத்த முடியவில்லை என்று உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் கீழ் அறிவித்ததை எல்லோரும் அறிவோம். வயதுவந்தோர் பராமரிப்புக் கடமையிலிருந்து கவுன்சில் விலக முடியாது. ஆனால் கட்டடம் கடமை அல்ல. ஆகவே குறைக்க வேண்டியவற்றின் பட்டியலில் கட்டடம் முதலில் வருகிறது. அதை எழுதுகிற அலுவலர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குக் கொடுக்கப்படுவது ஒரு தொகை, அதை எங்கிருந்தாவது காட்ட வேண்டும்.

இருப்பினும் ஒரு வழக்கத்தை நான் ஏற்க முடியாமல் இருந்தேன். ஒரு நிலையத்துக்குப் புதியவர்களை அனுப்புவதைச் சத்தமின்றி நிறுத்திவிடுவார்கள். சில ஆண்டுகளில் வருகை குறையும். கட்டடச் செலவோ குறையாது, ஆகவே ஆளுக்கான செலவு கூடும். பிறகு ‘வருகை குறைவு, ஆளுக்கான செலவு அதிகம், இளையோர் இத்தகைய நிலையங்களை விரும்புவதில்லை’ என்று அறிக்கை வரும். இளையோருக்கு அந்த நிலையத்தைக் காட்டவே இல்லை என்பது அறிக்கையில் இருக்காது. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாக நிலையங்கள் மூடப்பட்டு, திரும்பத் திறந்தபோது பலரைக் குறைந்த நாள்களுக்கே எடுத்தார்கள். அந்தக் குறைந்த எண்ணிக்கையே இன்று பல இடங்களில் இயல்பான வருகையாகக் காட்டப்படுகிறது. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், 2018லிருந்து ஆண்டுதோறும் அந்த நிலையத்துக்குப் புதிதாக அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். இருபது வேலைநாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த ஓர் எண் வரைவின் பாதியை விளக்கிவிடும்.

கட்டணத்தையும் கவனியுங்கள். புதிய ஏற்பாட்டில் நுழைவுக் கட்டணம், பேருந்து, மதிய உணவு எல்லாம் தம்பியின் உதவித்தொகையிலிருந்து போகலாம். குறைபாடு காரணமாக ஏற்படும் செலவுகளைக் கழித்த பின்னரும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச வருமானம் அவர் கையில் மிஞ்ச வேண்டும். நோர்ஃபோக் கவுன்சிலின் கட்டணக் கொள்கை, வேலைக்குப் போகவே முடியாத அளவுக்குக் கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுகிறது என்று 2020இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் நினைவில் வையுங்கள்.

கார்டிஃப் வாசகர் எழுதியது:

ஈலி மருத்துவமனை பற்றி எழுதப்பட்டதைக் கண்டு ஒரு வரி சேர்க்கிறேன். அது மூடப்பட்டது 1996இல், அறிக்கை வந்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து. வேல்ஸில் 1983லேயே அனைத்து வேல்ஸ் உத்தி என்று ஒன்றை வகுத்து, வீடும் பகல்நேர உதவியும் தயாரான பிறகே ஆள்களை வெளியே கொண்டுவர முயன்றார்கள். எல்லாம் நினைத்தபடி நடக்கவில்லைதான். ஆனாலும், பணியாளர் ஐயா சொன்ன அந்த வரிசையை ஓர் அரசே கொள்கையாக ஏற்றிருந்தது என்பதை உங்கள் கவுன்சிலிடம் எடுத்துச் சொல்லலாம்.

தம்பியைப் பற்றி அக்கா எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொண்டர் சொன்னபடி பராமரிப்புத் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் ஐயுற்றபடியேதான் இருக்கிறது: நிலையத்தின் பெயரும் நாள்களின் எண்ணிக்கையும், அவ்வளவே. மீளாய்வுக்கு எழுதிவிட்டேன்.

தம்பியின் கருத்தைக் கேட்கவும் முயன்றோம். கவுன்சில் படங்களோடு கூடிய எளிய பதிப்பு ஒன்றை அனுப்பியிருந்தது. ‘உங்கள் பகல்பொழுதில் மாற்றம் வந்தால் எப்படி இருக்கும்?’ என்ற கேள்விக்குக் கீழே சிரிக்கும் முகம், சாதாரண முகம், அழும் முகம் என மூன்று வட்டங்கள். அவன் சிரிக்கும் முகத்தைத் தொட்டான். எதைக் காட்டினாலும் முதலில் சிரிக்கும் முகத்தைத் தொடுவது அவன் இயல்பு. எனவே அவனோடு பல ஆண்டு பழகிய பணியாளர் ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். நிலையத்தில் உள்ள படங்களையும் ஆள்களின் புகைப்படங்களையும் மேசையில் பரப்பி, உனக்கு வேண்டியவற்றை எடுத்துவை என்றார். சமையலறையை எடுத்தான். நீச்சலை எடுத்தான். பிறகு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, தன் நண்பர் ஒருவரின் படத்தைத் தேடி எடுத்து, இரண்டின் மீதும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினான். அந்த நண்பர் பேச மாட்டார். இருவரும் இருபது ஆண்டுகளாக வேனில் ஒரே இருக்கையில் வருகிறார்கள். ஒருவரின் இருக்கைப் பட்டியை மற்றவர் மாட்டிவிடுவார்.

வரைவின்படி அந்த நண்பர் மிகுந்த உதவி தேவைப்படுவோர் பிரிவில் வருவார், ஆகவே எஞ்சியிருக்கும் நிலையத்துக்குப் போவார். என் தம்பி சமூகத்துக்குள் போவான். ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதிப்பிட்டு, தனித்தனியாகப் பணம் ஒதுக்கி, தனித்தனியாகத் திட்டம் எழுதும் இந்த முறையில், இரண்டு பேருக்கு இடையே உள்ள ஒன்றை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. இவர்களுக்குக் கைப்பேசியில் அழைக்கத் தெரியாது, தனியாகப் பேருந்து ஏறிப் போகவும் முடியாது. நாம் பிரித்துவிட்டால் அவர்களால் ஒருவரையொருவர் தேடிச் சேர முடியாது. வடக்கு லண்டன் ஐயாவின் மகனுக்கு வேலை கிடைத்ததுபோல் என் தம்பிக்கும் ஒரு சமையலறையில் சில மணி நேரம் கிடைத்தால் நான் மகிழ்ந்து அனுப்புவேன். ஆனால் எந்த மாற்றத்துக்கும் முன்னர் யார் யாரோடு சேர்ந்திருக்க விரும்புகிறார்கள் என்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பதை என் முதல் கோரிக்கையாக வைக்கப் போகிறேன்.

வடக்கு லண்டன் தந்தை எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்குச் சம்பளம் இருக்கிறது, சீருடை இருக்கிறது, மதிப்பு இருக்கிறது. வேலை முடிந்து வீடு வந்தால் அவனைத் தேடி வர ஒருவரும் இல்லை. பள்ளி நண்பர்கள் நால்வர் நான்கு திசையில் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஓர் உதவியாளர், ஒவ்வொருவரும் தனியாகப் பூங்காவில் நடக்கிறார்கள். இதற்கு ஏதேனும் வழி உண்டா என்று பணியாளர் ஐயாவிடம் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற பணியாளர் எழுதியது:

உண்டு. நான்கைந்து பேரின் நேரடிக் கொடுப்பனவுகளை ஒன்று சேர்த்து, பொதுவாக ஒரு பணியாளரை அமர்த்தி, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கலாம்; சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. கணக்கு வழக்கைப் பார்க்க முடியாத குடும்பங்களுக்காக, ஒதுக்கீட்டை ஒரு தொண்டு நிறுவனம் பெற்று அவர்களின் விருப்பப்படி செலவிடும் முறையும் இருக்கிறது. ஆனால் இது தானாக நடப்பதில்லை. யாராவது ஒருவர் குடும்பங்களைத் தொலைபேசியில் அழைத்து, நாள்களைப் பொருத்தி, ஒருவர் நோயுற்றால் மற்றவர்களின் பணம் போதுமா என்று பார்த்து, ஓராண்டாவது கட்டிக்காக்க வேண்டும். நிலையத்தின் மேலாளர் செய்துவந்த வேலை அது. கட்டடத்தை மூடுகிற திட்டங்கள் அந்த மேலாளரையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றன. ஆகவே, கட்டடம் போனாலும் இணைத்துவைக்கும் பணியாளர் ஒருவரின் சம்பளம் நிரந்தரமாக ஒதுக்கப்பட வேண்டும் என்று கேளுங்கள். மற்ற எதைக் காட்டிலும் அது செலவு குறைந்த கோரிக்கை.

அக்காவின் தம்பியும் அவர் நண்பரும் வெவ்வேறு பிரிவில் வைக்கப்பட்டாலும், வாரத்தில் ஒரு நாளாவது ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதை இருவரின் திட்டத்திலும் எழுதலாம். ஒருவரின் திட்டத்தில் மட்டும் எழுதினால் போதாது. அந்த நண்பரின் குடும்பத்தோடும் இப்போதே பேசுங்கள்.

தம்பியைப் பற்றி அக்கா எழுதியது:

நண்பருக்குப் பெற்றோர் இருவரும் இல்லை, ஐயா. கவுன்சிலின் ஏற்பாட்டில் ஆதரவு இல்லமொன்றில் இருக்கிறார். 67ஆம் பிரிவின்படி அவருக்கு ஒரு பிரதிநிதி நியமிக்கப்பட்டிருக்கிறாரா என்று இல்லத்தில் கேட்டேன், தெரியாது என்றார்கள். கவுன்சிலுக்கு எழுதியிருக்கிறேன்.

இதுவரை சேர்ந்த கேள்விகளை ஒரு கடிதமாக எழுதிவருகிறேன். புதிதாக அனுப்பப்பட்டோரின் ஆண்டுவாரி எண்ணிக்கை, ஒவ்வொரு மாற்று இடத்திலும் உள்ள கழிப்பறை வசதி, மூடும் முன் புதிய ஏற்பாடு நடந்து காட்டப்படும் காலம், குடும்பமற்றோருக்கான பிரதிநிதிகள், இணைப்புப் பணியாளரின் சம்பளம், பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வழிகள் ஆகியவை அதில் இருக்கும். முதல் பக்கத்தில் யார் யாரோடு என்ற பட்டியல் இருக்க வேண்டும் என்று நிலையத்தின் மற்றக் குடும்பங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அவர்களில் சிலருக்கு ஆங்கிலத்தில் எழுதுவது சிரமம். தமிழில் சொன்னால் எழுதித் தரக்கூடியவர்கள் இருந்தால் தனிமடலில் தெரிவியுங்கள். கலந்தாய்வுக் கூட்டம் அடுத்த மாத முதல் வாரத்தில், மாலை ஆறு மணிக்கு. வேன்கள் நான்கு மணியோடு நின்றுவிடும் என்பதால் நிலையத்துக்குப் போகிறவர்கள் தாமே வந்து பேச முடியாது. கூட்டத்தைப் பகலுக்கு மாற்றும்படி இன்று காலை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.